ஐஸ்பழம் விக்கவே இவ்வளவு படிச்சனீ?

"கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கவேணும்" எண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு சொல்வழக்கு இருக்கிறது. கனடாவுக்கு வந்து நாற்பது வருசம் ஆகப்போகிறது. அந்தச் சொல்வழக்கு மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. கோறணமேந்து இருந்த இடத்தில் இப்போது வங்கி, காப்புறுதிக் கம்பனி, மருத்துவமனை, மாகாண அரசு என்று வந்திருக்கிறது. மற்றபடி எல்லாம் அதேதான்.

இந்த நிலையில் முப்பது வயது மகள் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "அம்மா, நான் வேலையை விடப்போறன். பழத்தில சோர்பே செய்து விக்கப்போறன்" என்று சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? உங்களுக்கே தெரியும். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார். அம்மா, "சோர்பே எண்டா என்ன?" என்று கேட்பார். பாலும் கிறீமும் இல்லாமல், பழத்தையும் சீனியையும் தண்ணியையும் கடைந்து உறைய வைக்கிற சாமான் என்று மகள் விளக்குவாள். அம்மாவின் காதில் அது ஒரே ஒரு சொல்லாகத்தான் விழும்: ஐஸ்பழம். சைக்கிளில் பெட்டி கட்டி, மணி அடித்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வந்த ஐஸ்பழக்காரரின் முகம்தான் நினைவுக்கு வரும். "ஐஸ்பழம் விக்கவே இவ்வளவு படிச்சனீ?"

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. "கனவைத் துரத்து" என்கிற சுவரொட்டி வசனத்தால் பதில் சொல்லவும் முடியாது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இரண்டு பக்கமும் கணக்கை அரைகுறையாகத்தான் போட்டிருக்கிறது. அந்தக் கணக்கை ஒருக்கால் முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

அப்பா அம்மாவின் பயம் எங்கே இருந்து வந்தது?

இலங்கையில் ஒரு காலத்தில் அரச உத்தியோகம்தான் யாழ்ப்பாணக் குடும்பங்களின் பயிர்ச்செய்கை. மண்ணில் தண்ணீர் குறைவு, படிப்பு அதிகம். படித்து, சோதினை பாஸ் பண்ணி, கொழும்பிலோ காலியிலோ கிளறிக்கல் வேலையில் சேர்ந்து, பென்சனோடு ஊருக்குத் திரும்புவது ஒரு முழு வாழ்க்கைத் திட்டம். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. வேலையில் இருக்கவும் பதவி உயரவும் சிங்களத் தேர்ச்சி வேண்டும் என்றானது. பலர் காலத்துக்கு முந்தியே ஓய்வு பெற்று வந்தார்கள். 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தது. 1983க்குப் பிறகு ஊரே பெயர்ந்தது. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைக் கனடிய மீனவர்கள் காப்பாற்றிக் கரைசேர்த்தார்கள். இந்த நாட்டுக்கு நாங்கள் வந்த கதையில் அந்தப் படகுகளும் அடக்கம்.

அப்படி வந்தவர்கள் கோப்பை கழுவினார்கள். தொழிற்சாலையில் இரவு வேலை செய்தார்கள். ஊரில் கணக்குப் படிப்பித்தவர் இங்கே இரண்டு வேலை பார்த்தார். அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று நினைத்தது ஒன்றே ஒன்றுதான். அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று யோசிக்காமல் படுத்து நித்திரை கொள்ளவேண்டும். அந்த நித்திரையைப் பிள்ளை ஒரு பழக்கூழுக்காக விற்கப்போகிறாள் என்று கேட்டால் நெஞ்சு பதறத்தான் செய்யும்.

ஆனால் இதே சரித்திரத்துக்குள் இன்னொரு பாடமும் இருக்கிறது. "நிரந்தர உத்தியோகம்" என்று எதை நம்பினோமோ, அதுவே ஒரு சட்டத்தால் நிரந்தரம் இல்லாமல் போனது. இங்கேயும் அப்படி நடந்திருக்கிறது. ஸ்காபரோவில் இருந்த ஜெனரல் மோட்டோர்ஸ் வான் தொழிற்சாலை 1993இல் மூடப்பட்டது. நோர்ட்டெல் 2009 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டது. அதன் பழைய ஊழியர்களின் ஓய்வூதியத்திலும் வெட்டு விழுந்தது. சியர்ஸ் கனடா 2017இல் கடைகளை மூடும் முடிவுக்கு வந்தது. 1670இல் தொடங்கிய ஹட்சன்ஸ் பே கம்பனியின் கடைகள் 2025 யூன் முதலாம் திகதியோடு பூட்டப்பட்டன. முன்னூற்றைம்பது வருசம் நின்ற கடைக்கே இந்தக் கதி.

ஆகவே வேலையா வியாபாரமா என்பது உறுதிக்கும் ஆபத்துக்கும் நடக்கிற போட்டி இல்லை. இரண்டிலும் ஆபத்து உண்டு. யார் எந்த ஆபத்தைத் தாங்கக்கூடியவர் என்பதுதான் கேள்வி.

சம்பளத் துண்டில் எழுதாத சம்பளம்

வேலையை விடுகிறவர்கள் பெரும்பாலும் சம்பளத்தைத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். சம்பளத்தோடு சேர்ந்து போகிற மற்றச் சாமான்களை ஒருத்தரும் எழுதி வைப்பதில்லை.

முதலாவது, ஈ.ஐ. நியாயமான காரணம் இல்லாமல் நீங்களாக வேலையை விட்டால் வழமையான வேலையிழப்புக் கொடுப்பனவு கிடையாது. வியாபாரம் தொடங்குவது என் ஆசை என்பது பொதுவாக அந்தக் காரணத்துக்குள் வராது. சுயதொழில் செய்பவர் விரும்பினால் மகப்பேறு, நோய் போன்ற விசேட கொடுப்பனவுகளுக்காக ஈ.ஐ.யில் சேரலாம். கடை படுத்தால் கைகொடுக்கிற கொடுப்பனவு அதில் இல்லை.

இரண்டாவது, சி.பி.பி. வேலையில் இருக்கும்போது உங்கள் பங்கு 5.95 வீதம், முதலாளியின் பங்கு 5.95 வீதம். சுயதொழிலில் முதலாளியும் நீங்கள்தான். 11.9 வீதமும் உங்கள் பொக்கற்றில் இருந்துதான் போகும்.

மூன்றாவது, பல்லும் கண்ணாடியும் மருந்தும். ஓஹிப் அட்டை டொக்ரரைப் பார்க்க உதவும். பல் வைத்தியரின் பில்லைக் கட்டுவது இதுவரை கம்பனியின் காப்புறுதி. வேலையை விடுகிற நாளோடு அதுவும் போகும். குறிப்பிட்ட நாட்களுக்குள் கேட்டால் தனிப்பட்ட காப்புறுதியாக மாற்றித் தருகிற கம்பனிகள் உண்டு. அந்த நாட்கள் கழிந்த பிறகு கேட்பவர்கள்தான் அதிகம்.

நான்காவது, மோர்ட்கேஜ். சுயதொழில் செய்பவரிடம் வங்கிகள் பொதுவாக இரண்டு வருச வரிக் கணிப்புப் பத்திரங்களைக் கேட்கும். வீடு வாங்குகிற, கடனைப் புதுப்பிக்கிற, கிறெடிற் லைன் எடுக்கிற யோசனை ஏதும் இருந்தால் இராஜினாமாக் கடிதத்துக்கு முந்தி அதை முடிக்கவேண்டும். பிந்தி அல்ல.

சர்பத்தின் ஒன்றுவிட்ட சகோதரி

இனிச் சோர்பேயைப் பார்ப்போம். பெயர்தான் பிரெஞ்சு மாதிரி இருக்கிறது. மூலம் அரபு, துருக்கி வழியாக வந்த சர்பத்தின் சொல்தான். மதுரையில் நன்னாரி சர்பத் குடிக்கிறவரும் குவீன் வீதியில் மாம்பழச் சோர்பே சாப்பிடுகிறவரும் ஒரே சொல்லைத்தான் இரண்டு விதமாகச் சொல்லுகிறார்கள்.

ஐஸின் கதை இன்னும் சுவாரசியம். 1833இல் அமெரிக்காவின் மசாச்சூசெட்ஸ் பக்கத்தில் உறைந்த நீர்நிலைகளில் வெட்டிய ஐஸைக் கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார் பிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி. சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் அந்த ஐஸைச் சேமிக்கத்தான். இன்றைக்கு அது விவேகானந்தர் இல்லம். அன்றைக்கு வட அமெரிக்காவின் குளிர் எங்கள் பக்கம் வந்தது. இன்றைக்குக் கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் தகரப் பேணிகளில் வெளிநாடுகளுக்குப் போகிறது. வியாபாரம் என்றால் இப்படித்தான், இல்லாத இடத்துக்கு இருக்கிற சாமான் போகவேண்டும்.

வீட்டுக் குசினியில் சோர்பே செய்வது கஷ்டம் இல்லை. ஒரு கிலோ மாம்பழக் கூழ், 200 கிராம் சீனி, 150 மில்லிலீற்றர் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி. சீனியைத் தண்ணீரில் கரைத்து ஆறவிட்டு, கூழோடு கலந்து, நன்றாகக் குளிரவைத்து, மெசினில் கடைந்து பிறீசரில் வைத்தால் சரி.

ஒவ்வொரு தடவையும் அதே பதத்தில் வரச்செய்வதுதான் கஷ்டம். சீனி இனிப்புக்கு மட்டும் போடுகிற சாமான் இல்லை. தண்ணீர் உறைகிற வெப்பநிலையை அது கீழே இறக்குகிறது. சீனி குறைந்தால் கல்லுமாதிரி இறுகும், கரண்டி வளையும். கூடினால் பிறீசரில் கிடந்தும் இறுகாமல் களியாக நிற்கும். பழத்தின் சீனியையும் சேர்த்து மொத்தக் கலவையில் 25 முதல் 30 வீதம் சீனி இருந்தால்தான் கரண்டிக்கு இதமான பதம் வரும். பழமோ பெட்டிக்குப் பெட்டி மாறும். சித்திரையில் விமானத்தில் வருகிற அல்போன்சோவும் ஆடியில் வருகிற பாகிஸ்தான் சவுன்சாவும் ஒன்றல்ல. அதனால் வியாபாரமாகச் செய்கிறவர்கள் பிரிக்ஸ் அளக்கிற சின்னக் கருவி ஒன்றை வைத்துப் பழச்சாறை அளந்துவிட்டுத்தான் சீனியைப் போடுவார்கள். கைப்பக்குவம் பத்துப் பேருக்குப் போதும். ஆயிரம் கப்புக்கு அளவுதான் வேண்டும்.

ஒன்ராறியோவின் பழங்களும் சும்மா இல்லை. யூனில் ஸ்ட்ரோபெரி, யூலையில் புளூபெரி, ஆடி கடைசியில் இருந்து நயாகராப் பக்கத்துப் பீச், செப்ரெம்பரில் முந்திரிகை. இவற்றோடு எங்கள் கடைகளில் உறைய வைத்துக் கிடைக்கிற பலாச்சுளை, அன்னமுன்னா, விளாம்பழம், கொடித்தோடை. கறுத்தக்கொழும்பானின் ருசியை நாக்கில் வைத்திருக்கிற அம்மா ஒருவர் பக்கத்தில் இருந்தால் அது ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சமன். பழத்தை மொத்தமாக வாங்க எட்டோபிக்கோவில் 1954இல் இருந்து இயங்குகிற ஒன்ராறியோ உணவு மொத்தச் சந்தை இருக்கிறது. பதிவுசெய்த வியாபாரிகளுக்கு மட்டும்தான் அங்கே கொள்வனவு. அந்தப் பதிவே முதல் படிகளில் ஒன்று.

ஒரு நாளைக்கு 143 கப்

இப்போது ஒரு சின்னக் கணக்கு. விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கோ.

ஒரு கப் 6 டொலர். பழம், சீனி, கப், கரண்டி எல்லாம் சேர்த்து 2 டொலர். மிச்சம் 4 டொலர். நீங்கள் விடுகிற வேலையின் சம்பளம் வருசத்துக்கு 60,000 டொலர் என்றால் அதை ஈடுகட்ட 15,000 கப் விற்கவேண்டும். ரொறன்ரோவில் ஐஸ் சாமான் ஓடுகிற காலம் விக்ரோறியா தினத்தில் இருந்து தொழிலாளர் தினம் வரைக்கும் கிட்டத்தட்ட 15 கிழமை. அப்படியென்றால் கிழமைக்கு 1,000 கப். மழை நாள், கோயில் திருவிழா நாள், உங்களுக்குக் காய்ச்சல் வந்த நாள் எல்லாவற்றையும் சேர்த்து நாளுக்கு 143 கப்.

இதில் குசினி வாடகை இன்னும் வரவில்லை. காப்புறுதி வரவில்லை. திருவிழா ஸ்ரோல் கட்டணம், பிறீசர் கரண்ட், உருகிப் போன கப்புகள் வரவில்லை. உதவிக்கு ஒரு பிள்ளையை வைத்தால் ஒன்ராறியோவில் 2025 ஒக்ரோபர் முதல் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17.60 டொலர். அதாவது அந்தப் பிள்ளை நிற்கிற ஒவ்வொரு மணித்தியாலத்திலும் நாலைந்து கப் அவருக்காக மட்டும் விற்கவேண்டும். தொடர்ந்து வரும் நாலு காலாண்டில் விற்பனை 30,000 டொலரைத் தாண்டினால் எச்.எஸ்.ரி. பதிவும் செய்யவேண்டும்.

வீட்டிலேயே செய்து விற்கலாம்தானே என்று கேட்பீர்கள். 2020 ஜனவரியில் இருந்து ஒன்ராறியோவில் ஆபத்துக் குறைந்த உணவுகளை வீட்டுக் குசினியில் செய்து விற்கச் சில சலுகைகள் உண்டு. பாண், பிஸ்கற், ஜாம் போன்று குளிரிலோ சூட்டிலோ வைக்கத் தேவையில்லாத பண்டங்களுக்குத்தான் அது. பிறீசரை விட்டு வெளியே வைக்கமுடியாத சோர்பே அந்தச் சலுகைக்குள் இலகுவில் அடங்காது. பரிசோதிக்கப்பட்ட வணிகக் குசினி ஒன்றை மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு எடுப்பதுதான் வழமை. எந்த உணவு வியாபாரமும் தொடங்க முந்தி பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிக்கவேண்டும், உணவு கையாளும் சான்றிதழ் எடுக்கவேண்டும். ரொறன்ரோக் கடைகளின் கதவில் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை தொங்கும் டைன்சேவ் முறையை உங்களுக்குத் தெரியும். அந்தப் பச்சை அட்டைதான் உங்கள் முதல் விளம்பரம். "எங்கட ஆக்கள்தானே, என்ன கேக்கப்போகினம்" என்று வட்ஸ்அப் குழுவில் கப் கப்பாக விற்கத் தொடங்கினால், ஒரு பிள்ளைக்கு வயிற்றுக்குத்து வந்த அன்றைக்கு எல்லாம் முடிந்துவிடும்.

வென்றவர்கள் என்ன செய்தார்கள்?

சென்னையில் ஆர்.ஜி. சந்திரமோகன் என்பவர் மரக்கடை ஒன்றில் பார்த்த வேலையை விட்டார். குடும்பச் சொத்தை விற்ற 13,000 ரூபாவோடு 1970இல் இராயபுரத்தில் ஒரு சின்ன இடத்தில் குச்சி ஐஸ் செய்யத் தொடங்கினார். எங்கள் பாஷையில் ஐஸ்பழம்தான். தள்ளுவண்டியில் விற்றார். பெரிய பெயர்கள் ஆளுகிற சென்னையில் மோதிக்கொண்டு நிற்காமல், ஐஸ்கிறீம் கிடைக்காத சிறு நகரங்களைத் தேடிப்போனார். அதுதான் அருண் ஐஸ்கிறீம். பிறகு ஹட்சன் என்ற பெரிய பால் நிறுவனமாக வளர்ந்தது.

மங்களூர்ப் பக்கத்துப் பழ வியாபாரியின் மகன் ரகுநந்தன் காமத். 1984இல் மும்பை ஜூகுவில் நச்சுரல்ஸ் என்ற கடையைத் திறந்தார். பழத்தையே முன்னுக்கு வைத்த ஐஸ்கிறீம். வெறும் ஐஸ்கிறீமுக்குச் சனம் வராது என்று தெரிந்து பாவ் பாஜியும் சேர்த்து விற்றார். உறைப்பாகச் சாப்பிட்டவர்கள் குளிராக ஏதும் கேட்டார்கள். ஐஸ்கிறீம் தன் காலில் நின்ற பிறகுதான் பாவ் பாஜியை நிறுத்தினார். 2024 மே மாதம் அவர் காலமானபோது நாடெங்கும் நினைவுகூர்ந்தார்கள்.

இந்த இரண்டு கதைகளையும் "துணிஞ்சா வெல்லலாம்" என்று சொல்லுகிறவர்களிடம் கொடுத்தால் பாதியை விட்டுவிடுவார்கள். சந்திரமோகன் சின்னதாகத் தொடங்கினார், ஆளில்லாத சந்தையைப் பார்த்தார். காமத் ஒரு காலை வேறொரு வருமானத்தில் ஊன்றிக்கொண்டு மற்றக் காலை எடுத்து வைத்தார். துணிவு இருந்தது, அதோடு கணக்கும் இருந்தது. துணிவு மட்டும் வைத்திருந்து கடையைப் பூட்டியவர்களின் கதையைப் பத்திரிகைகள் எழுதுவதில்லை. எங்கள் தெருக்களிலேயே பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருக்கிற கடைகளைப் பார்த்தால் அவர்களின் எண்ணிக்கை விளங்கும்.

முதல் ஒரு சமர் செய்து பாருங்கோ

தம்பி தங்கச்சிமாருக்குச் சொல்லக்கூடியது இதுதான். வேலையை விட முந்தி ஒரு சமர் முழுக்கச் செய்து பாருங்கோ. உங்கள் வேலை ஒப்பந்தத்தில் பக்கத் தொழில் பற்றி என்ன எழுதியிருக்கு என்று வாசியுங்கோ. சனி ஞாயிறில் குசினி வாடகைக்கு எடுத்து, மூன்றே மூன்று வகை மட்டும் செய்யுங்கோ. ஓகஸ்ட் கடைசியில் மார்க்கம் வீதியில் நடக்கும் தமிழர் தெருவிழா மாதிரி இடத்தில் ஒரு ஸ்ரோல் போட்டுப் பாருங்கோ. சொந்தக்காரர் "சோக்கான ருசி" என்று சொல்வது கணக்கில் வராது. உங்களைத் தெரியாத ஒருவர் இரண்டாம் தரம் காசு கொடுத்து வாங்கினால் அதை மட்டும் எழுதி வையுங்கோ. கையில் எட்டு மாதச் செலவுக்குக் காசு இருக்கவேண்டும், ஏனென்றால் ரொறன்ரோவில் குளிர் அவ்வளவு காலம் நிற்கும். அந்தக் குளிரில் என்ன விற்பது என்பதற்கும் பதில் வேண்டும். கடைகளுக்கு மொத்தமாகக் கொடுப்பதா, கலியாண மண்டபங்களுக்கா, அல்லது சூடான ஏதாவதா? உங்கள் பாவ் பாஜி எது? அது தெரியாமல் இராஜினாமாக் கடிதம் எழுதாதேங்கோ.

முடிந்தால் வேலையை ஒரேயடியாக விடாமல், சம்பளமில்லாத லீவு, வேலை நாளைக் குறைப்பது என்று மேலதிகாரியிடம் கேட்டுப் பார்க்கலாம். கேட்டால் இல்லை என்பார்கள், அவ்வளவுதானே.

அம்மா அப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. "ஆக்கள் என்ன சொல்லுவினம்" என்பது கணக்கு இல்லை. மகள் வங்கியில் இருக்கிறாள் என்று கலியாண வீட்டில் சொல்ல முடியாமல் போவது நட்டம் மாதிரித் தெரியும். ஆனால் அந்த வேலையில் அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆனதும் முகம் சுருங்குகிற பிள்ளையைப் பார்த்தும் பார்க்காமல் இருக்கிறோம். நீங்கள் முன்பின் தெரியாத நாட்டுக்கு, பாஷை தெரியாமல், சூட்கேஸ் ஒன்றோடு வந்தவர்கள். உங்களிடம் எந்தத் திட்டமும் இருக்கவில்லை. அவளிடம் குறைந்தது பிரிக்ஸ் கணக்காவது இருக்கிறது.

அதனால் "படிச்சனீ?" என்று கேட்பதை விட்டிட்டு, வேறு கேள்விகளைக் கேளுங்கோ. கையில எத்தினை மாசக் காசு இருக்கு? பல் வைத்தியருக்கு என்ன வழி? வின்ரருக்கு என்ன செய்யப்போறாய்? எந்தத் திகதிக்குள்ள சரிவரேல்லை எண்டா திரும்பி வேலை தேடுவாய்? இந்த நாலுக்கும் பிள்ளையிடம் பதில் இருந்தால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அர்த்தம். பதில் இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருசம் வேலையில் இருந்து பதிலைத் தேடட்டும்.

ஐஸ்பழக்காரர் அந்த வருமானத்தில்தான் தன் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கினார். அவர் செய்ததும் கெளரவமான தொழில்தான். அதையாவது முதலில் ஒத்துக்கொண்டால் மிச்சத்தைக் கணக்குப் போட்டுக் கதைக்கலாம்.